மீன்தொட்டிக்கு எத்தனை லிட்டர் பம்பு? வேலையை அளந்துவிட்டு வாங்குவோம்

அக்கா மகன் பொள்ளாச்சியில் இருக்கிறான், நான் கொழிஞ்சாம்பாறையில். நடுவில் மாநில எல்லை இருந்தாலும் பேச்சும் சொந்தமும் ஒன்றுதான். கரண்ட் பில் மட்டும் ஆளுக்கொரு வாரியத்திலிருந்து வரும். போன மாதம் அவன் நாலடித் தொட்டி ஒன்று செய்யக் கொடுத்து, அடியில் சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டி) வைத்து, பைப் வேலை தொடங்கும் முன்னால் போன் செய்தான். “ரிட்டர்ன் பம்பு எதுங்க மாமா வாங்கறது? ஒரு கடையில 4500 லிட்டர் போடச் சொல்றாங்க. இன்னொரு கடையில டிசி பம்புதான் நல்லதுங்கறாங்க. 3000 லிட்டர் பம்பு ஒண்ணு குறைஞ்ச விலைக்கு இருக்குது. எதை எடுக்கட்டுங்க?”

இந்த மூன்று வகையையும் என் தொட்டியில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் வாங்கியது 4500. இரண்டு வருஷம் அதுதான் ஓடியது. இப்போது ஓடுவது 3000. இரண்டும் வீட்டுக் கரண்டில் நேராக ஓடும் சாதாரண ஏசி பம்பு. அடாப்டரில் ஓடும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பம்பை நண்பர் ஒருவரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். என் தொட்டியும் அவன் தொட்டியும் ஒரே அளவு: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். சம்ப்போடு சேர்த்துச் சுமார் 350 லிட்டர் தண்ணீர். அதனால் அவனுக்குச் சொன்ன கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன். அதே அளவில் தொட்டி வைத்திருப்பவர்கள் எண்களையும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அளக்கும் முறையை எடுத்துக்கொண்டால் போதும்.

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, “எத்தனை அடிங்க?” என்பதுதான். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பைப் எத்தனை இன்ச். இவ்வளவும் சொன்ன பிறகுதான் எத்தனை ஹெச்பி என்ற பேச்சே வரும். பம்புக்குப் பேர்போன கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பதால் வந்த பழக்கம் இது. தென்னைக்குத் தண்ணீர் விடுகிறவர் யாரும் பெட்டியில் அச்சடித்த லிட்டரைப் பார்த்து மோட்டார் எடுக்க மாட்டார். மீன்தொட்டி என்று வரும்போது மட்டும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் மறந்தேன்.

சரி, ரிட்டர்ன் பம்பின் வேலை என்ன? மேல் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து வழியும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகக் கீழே சம்ப்புக்கு வருகிறது. அங்கே ஸ்பாஞ்சும், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தங்கும் மீடியாவும் இருக்கும்; கடல்நீர்த் தொட்டி என்றால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் இருக்கும். அதையெல்லாம் கடந்து வந்த தண்ணீரை மறுபடி மேலே ஏற்றிவிடுவதுதான் இந்தப் பம்பின் வேலை. தொட்டிக்குள் மீனுக்கு ஓட்டம் உண்டாக்குவது இதன் பொறுப்பில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலான பணமும் கரண்டும் வீணாகிறது என்று நினைக்கிறேன்.

“தொட்டி அளவைப் போல மணிக்குப் பத்து மடங்கு” என்று ஒரு பேச்சு எல்லாக் கடையிலும் உண்டு. சம்ப் இல்லாத தொட்டியில் ஒரே பில்டர் பம்புதான் சுத்தமும் செய்ய வேண்டும், ஓட்டமும் தர வேண்டும். அங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். சம்ப் வைத்த தொட்டிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு போதும் என்பது என் முடிவு. தொட்டியில் எவ்வளவு அம்மோனியா உண்டாகும் என்பதை நாம் போடும் தீனிதான் தீர்மானிக்கிறது. பம்பை இரட்டிப்பாக்கினால் மீனின் கழிவும் இரட்டிப்பாகி வரப்போவதில்லை. ஸ்கிம்மருக்குத் தனிப் பம்பு இருக்கிறது. அது இழுக்கிற அளவைத்தான் அது சுத்தம் செய்யும், மீதித் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். 350 லிட்டருக்கு நாலு மடங்கு என்றால் மணிக்கு 1400 லிட்டர். வசதிக்கு 1500 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் தேவை. இனி எந்தப் பம்பைப் பார்த்தாலும், ‘என் உயரத்தில், என் பைப்பில் இது 1500 தருமா, அதற்கு எத்தனை வாட் தின்னும்?’ என்று மட்டும் கேட்டால் போதும்.

பெட்டியில் உள்ள 4500, 3000 எல்லாம் உயரமே இல்லாதபோது, அதாவது பக்கெட்டுக்குள் பம்பைப் போட்டு அதே மட்டத்தில் தண்ணீர் விட்டால் வரும் அளவு. பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும்: அதிகபட்ச உயரம், 3 மீட்டர் அல்லது 3.5 மீட்டர் என்று. அந்த உயரத்தில் பம்பு ஒரு சொட்டும் தராது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கேயோதான் நம் தொட்டி இருக்கிறது. நல்ல கம்பெனிகள் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வளைகோடு அச்சடித்திருப்பார்கள். கீழே லிட்டர், பக்கத்தில் மீட்டர். வாங்கும்முன் அந்தக் கோட்டில் நம் உயரத்துக்கு நேரே விரலை வைத்து லிட்டரைப் பாருங்கள். கோடு இல்லாத பெட்டியை வாங்காமல் இருப்பது நல்லது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில பெட்டிகளில் 60 ஹெர்ட்ஸ் கணக்கு போட்டிருக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சாதாரண ஏசி பம்பின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றும், அதனால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். லிட்டர் அதே விகிதத்தில் குறையும். உயரமோ அதைவிட மோசமாக, 100க்கு 69 என்று குறைந்துவிடும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். பம்பு சம்ப்பின் அடியில் இருக்கிறது என்று அடியிலிருந்து அளக்கக் கூடாது. சம்ப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரைதான் கணக்கு. என் தொட்டியில் அது மூன்றரை அடி. அதற்குமேல் பைப்பின் உராய்வு, பைப்பைத் திருப்பும் எல்போக்கள் எல்லாம் சேர்ந்து நாலரை அடி ஆகிறது. இந்த ஒரு அடி கூடுதல் என்பது முக்கால் இன்ச் பைப்பில். முதலில் நான் போட்டிருந்தது அரை இன்ச் பைப், மூன்று எல்போ. ஒரே அளவு தண்ணீர் போகும்போது பைப்பின் உராய்வு உள்விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர் விகிதத்தில் மாறும். உள்விட்டம் 15 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆனால் உராய்வு நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பெரிய பம்பு வாங்கக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு செலவு செய்து பைப்பைப் பெரிதாக்கினாலே பல தொட்டிகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு தொண்ணூறு டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு நாற்பத்தைந்து போட்டாலும் கொஞ்சம் மிச்சம்தான். அக்கா மகன் பைப் வேலை தொடங்கும் முன்னால் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இப்போது அளக்கும் விதம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பத்து லிட்டர் பக்கெட் ஒன்று, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். ரிட்டர்ன் பைப்பின் முனையில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கே பக்கெட்டின் வாய் வரும்படி ஒரு ஸ்டூலும் பலகையும் வைத்துப் பிடிக்க வேண்டும். தரையில் வைத்துப் பிடித்தால் உயரம் குறைந்து அளவு பொய்யாகிவிடும். பத்து லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 36,000ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். பக்கெட்டில் கம்பெனி போட்ட கோட்டை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து தடவை ஊற்றி மார்க்கரால் நாமே கோடு போட்டுக்கொள்ளலாம். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்டை அளக்கச் சுவரில் சொருகும் சிறிய மீட்டர் கிடைக்கிறது. இல்லையென்றால் வீட்டுக் கரண்ட் மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். அது 3200 என்றால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவில் உள்ள விநாடியால் 1125ஐ வகுக்க வேண்டும். வருவது வாட். பகல் வேளையில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பம்பு ஒன்றை மட்டும் ஓடவிட்டு, நானும் என் மனைவியும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணினோம். வால்வைக் குறைத்து வைத்திருந்த பெரிய பம்புக்குப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மின்னியது. சின்னதுக்கு இருபத்தேழு. டிசி பம்புக்கு ஐம்பத்தாறு விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. விளக்கு அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து வோல்ட்டால் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். இந்தச் சின்ன மோட்டார்களில் பவர் ஃபேக்டர் குறைவு, அதனால் அந்தக் கணக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நம் பில் உண்மையான வாட்டுக்குத்தான்.

அளந்தபோது கிடைத்தவை இவை. 4500 லிட்டர் பம்பு வால்வை முழுக்கத் திறந்தால் பதின்மூன்று விநாடியில் பக்கெட்டை நிரப்பியது. மணிக்கு 2770 லிட்டர், 84 வாட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் ஓவர்ஃப்ளோவில் இருப்பது ஒரு இன்ச் பைப். சுமார் 2000 லிட்டர் வரைதான் அது நிதானமாக இறக்கும். அதற்கு மேல் காற்றை விழுங்கிக் ‘களக் களக்’ என்று இரவெல்லாம் சத்தம். சாமி அறைக்குப் பக்கத்தில் தொட்டி, அம்மாவால் தூங்க முடியவில்லை. கடையில் போய்ச் சொன்னால், “வால்வைக் குறைச்சு வெச்சுக்கோங்க” என்றார்கள். குறைத்தேன். 1500 லிட்டருக்கு வந்தது, சத்தம் நின்றது. மீட்டர் 76 வாட் காட்டியது. பாதித் தண்ணீரை நிறுத்திவிட்டோம், கரண்டோ எட்டு வாட்தான் குறைந்தது. வால்வு தண்ணீரைத்தான் மறிக்கிறது. மோட்டார் கிட்டத்தட்ட அதே உழைப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே போகும் பக்கம் மறிப்பதால் இந்த வகைப் பம்பு கெட்டுப்போகாது, அது சரிதான். உறிஞ்சும் பக்கம் மட்டும் ஒருபோதும் மறிக்கக் கூடாது.

3000 லிட்டர் பம்பு, அதே முக்கால் இன்ச் பைப்பில், வால்வை முழுக்கத் திறந்து வைத்து: இருபத்து நான்கு விநாடி. அதாவது 1500 லிட்டர். 42 வாட். அதே தண்ணீர்தான், செலவு பாதியைக் கொஞ்சம் தாண்டியது.

டிசி பம்பு, பெட்டியில் 4000 லிட்டர் என்று போட்டது, பத்துப் படியில் ஏழாவது படியில் 1500 லிட்டர் தந்தது. 20 வாட்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். மணிக்கு 1500 லிட்டரை நாலரை அடி உயர்த்த உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும்? கணக்குப் போட்டால் ஆறு வாட்டுக்குள்தான் வரும். மீதியெல்லாம் மோட்டாரிலும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரிலும் சூடாகவும் சுழலாகவும் போகிறது. 76 வாட் பம்பில் 70 வாட் அப்படிப் போகிறது. அதைப் பார்த்த அன்றுதான் பம்பை மாற்ற முடிவு செய்தேன்.

நாள் முழுக்க ஓடும் பொருளுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: பத்து வாட் என்றால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட். 76 வாட்டுக்கு 109 யூனிட், 42க்கு 60, 20க்கு 29. இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எங்கள் எல்லைப் பகுதியில் இரண்டு பக்கமும் 500 என்ற எண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். கீழ்ப்படி யூனிட்டுக்குக் கீழ்ப்படி விலைதான். 250ஐத் தாண்டிவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே மேல் விலை. இரண்டு மாத பில்லில் அது 500. தமிழ்நாட்டிலும் இரண்டு மாதத்துக்கு 500 தாண்டினால், கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையில் ஒரு பகுதி போய்விடும். கோடையில் என் வீட்டுக்குப் பம்பு இல்லாமல் 420 யூனிட் ஆகும். பெரிய பம்போடு 529. சின்னப் பம்போடு 480. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. உங்கள் பழைய பில்லை எடுத்து நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 300 யூனிட்டில் இருப்பவருக்கும் 490இல் இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெரியதிலிருந்து சின்ன ஏசி பம்புக்கு மாறினால் வருஷத்துக்கு 298 யூனிட், 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். பம்பின் விலை ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும். சின்ன ஏசியிலிருந்து டிசிக்கு மாறினால் வருஷத்துக்கு 193 யூனிட், 1,350 ரூபாய். டிசிக்குக் கூடுதலாக 3,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகும். அதுவரை அதன் கண்ட்ரோலரும் அடாப்டரும் நல்லபடியாக இருக்க வேண்டும். ஆக, மிச்சத்தில் பெரிய பங்கு பெரிய பம்பை விடுவதிலேயே கிடைத்துவிடுகிறது. ஏசியா டிசியா என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

டிசி பம்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சத்தமே இல்லை, தீனி போடும்போது பத்து நிமிஷம் நிறுத்தி வைக்க ஒரு பட்டன், மெதுவாகக் கிளம்பும். வேகத்தைக் குறைத்தால் வாட் அதன் மும்மடிக்கணக்கில் விழும்: எண்பது சதவீத வேகத்தில் கரண்ட் ஏறக்குறைய பாதி. ஆனால் இதைக் கேட்டுவிட்டு ‘பெரிய டிசி வாங்கி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம்’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வேகம் குறைந்தால் ஏற்றும் உயரம் இருமடிக்கணக்கில் விழும். மூன்று மீட்டர் ஏற்றும் பம்பு எழுபது சதவீத வேகத்தில் ஒன்றரை மீட்டர்கூட ஏற்றாது. இரவல் பம்பை நாலாவது படியில் வைத்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஹோஸ் கண்ணாடி போன்றது. உள்ளே தண்ணீர் ஏறி, தொட்டியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, மீட்டர் 7 வாட் காட்டுகிறது, மேலே ஒரு சொட்டு வரவில்லை. உயரம் கேட்பதைக் கொடுத்த பிறகு மிஞ்சும் வேகம்தான் தண்ணீராகக் கிடைக்கும்.

தொட்டி பெரிதாகப் பெரிதாக டிசியின் பக்கம் தராசு சாயும். மணிக்கு 4000 லிட்டர் தேவைப்படும் கடல்நீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே ஏசிக்கும் டிசிக்கும் 60 வாட் வித்தியாசம் வந்தால் வருஷத்துக்கு 525 யூனிட். அப்போது யோசிக்கவே வேண்டாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கும் டிசிதான். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஏட்டுக் கணக்குக்கு 1800 வாட்-மணி இருக்கும், கையில் 1000 கிடைத்தால் நல்லது. மற்றதெல்லாம் நிறுத்திப் பம்பு மட்டும் ஓடினால் 76 வாட் பதின்மூன்று மணி நேரம், 42 வாட் ஒரு நாள், 20 வாட் இரண்டு நாள். இன்வெர்ட்டர் தானே தின்னும் கரண்ட் இதில் சேரவில்லை, அதனால் நடப்பில் எல்லாமே குறையும். 24 வோல்ட் டிசி பம்பு என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து இன்வெர்ட்டரே இல்லாமல் ஓட்டும் வழியும் உண்டு; பம்பின் வோல்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஏசி பம்பை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டால் உறுமும், சூடாகும். சைன் வேவ் என்றால் தொல்லையில்லை.

சூடு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு தின்னும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் தண்ணீரின் சூடாகத்தான் மாறும். 76 வாட் பம்பு என்றால், ஏப்ரல் வெயிலில் 75 வாட் ஹீட்டரை இரவும் பகலும் சொருகி வைத்ததற்குச் சமம். பாலக்காட்டுக் கணவாயில் கோடை 40 டிகிரியைத் தொடும். வீட்டுக்குள் தொட்டித் தண்ணீரே 30 டிகிரிக்கு வந்து நிற்கும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6தான். அக்கா மகன் வளர்க்க ஆசைப்படுவது மிஸ் கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் இருக்கும் மீன்; சிவப்புக் கோடும் அதன் கீழே கறுப்புக் கோடும். குளிர்ந்த, ஓட்டமுள்ள, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் கூட்டமாகத் திரிவது அதன் குணம். ஆற்றில் அருகிக்கொண்டுவரும் இனம் என்பதால், பண்ணையில் பொரித்த குஞ்சு என்று கேட்டு உறுதி செய்து வாங்கச் சொன்னேன். அந்த மீனுக்குப் போய் ஒரு ஹீட்டரை அடியில் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

“அந்த மீனுக்கு ஓட்டம் வேணுமில்லைங்க மாமா? அப்ப பெரிய பம்புதானே?” என்று கேட்டான். ஓட்டம் வேண்டும், ஆனால் அதைக் கீழிருந்து தூக்கி வர வேண்டாம். தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டும் வேவ் மேக்கர் ஒன்று போதும். உயர்த்தும் வேலையும் பைப்பும் இல்லாததால் ஆறு வாட்டில் அது மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டரைத் தள்ளும். ரிட்டர்ன் பம்பு 42, வேவ் மேக்கர் 6, இரண்டும் சேர்ந்தாலே 48 வாட்தான். பெரிய பம்பு 84 வாட்டில் தருவதைவிட நல்ல ஓட்டம், நாம் விரும்பும் திசையில்.

சம்ப்புக்கு வெளியே வைக்கும் பம்பு ஒன்று உண்டு. சூடு தண்ணீருக்குக் குறைவாகப் போகும் என்பது உண்மை. சத்தமும் ஒழுகும் பயமும் சேர்ந்து வரும். மீன் கடை, குஞ்சு பொரிக்கும் கூடம் போன்ற பெரிய அமைப்புக்கு வைக்கலாம், வரவேற்பறைக்கு வேண்டாம். ஒரு பெரியதற்குப் பதிலாக இரண்டு சின்னப் பம்பு தனித்தனி பைப்பில் போடுவது எனக்குப் பிடித்த யோசனை. வாட் கொஞ்சம் கூடினாலும், ஊருக்குப் போயிருக்கும்போது ஒன்று நின்றால் இன்னொன்று மீனைக் காப்பாற்றும். சம்ப்பில் இடம் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

எந்தப் பம்பு வாங்கினாலும் இரண்டு விஷயம். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு பம்பின் இம்பெல்லரிலும் படியும். எட்டு மாதம் கழற்றாமல் விட்டு அளந்தபோது இருபத்து நான்கு விநாடி முப்பத்தொன்றாகியிருந்தது. இம்பெல்லரைக் கழற்றி வினிகரும் தண்ணீரும் கலந்து அரை நாள் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். பழைய இடத்துக்கே வந்தது. பம்பு பலவீனமாகிவிட்டது என்று புதிது வாங்கும்முன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, கரண்ட் போகும்போது. ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரும் பைப் வழியாகவே திரும்பிக் கீழே வரும். என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். வாயை ஆறு சென்டிமீட்டர் உள்ளே வைத்திருந்தேன். ஒரு மழை இரவில் கரண்ட் போய் 32 லிட்டர் சம்ப்புக்கு இறங்கி, நிரம்பி, தரையில் ஓடியது. காலையில் கட்டிலுக்கு அடியில் இருந்த துணிப் பெட்டியெல்லாம் ஈரம். இப்போது வாய் ஒன்றரை சென்டிமீட்டர்தான் உள்ளே இருக்கிறது. பம்பைப் புதிதாக மாட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று நின்று பார்த்து, சம்ப்பில் அந்த மட்டத்துக்கு ஏற்றபடி கோடு போட்டுவிட வேண்டும். ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பழைய 4500 பம்பை நான் விற்கவில்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஏற்ற அதுதான். பத்து நிமிஷ வேலைக்கு 84 வாட் ஒரு பொருட்டில்லை. அக்கா மகனுக்கும், கையில் ஏற்கெனவே பெரியது இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவன் வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறது, பில் 450இல் நிற்கிறது, தொட்டி நாலடி. மூன்றையும் வைத்துப் பார்த்து 3000 லிட்டர் ஏசியும் ஒரு வேவ் மேக்கரும் எடுக்கச் சொன்னேன். முக்கால் இன்ச் பைப், எல்போ இரண்டே இரண்டு. ஆறடித் தொட்டிக்குப் போகும் நாளில் டிசி வாங்கிக்கொள்ளலாம்.

நேற்று வீடியோ அனுப்பியிருந்தான். ஸ்டூல், பலகை, பக்கெட், மார்க்கர் கோடு எல்லாம் சொன்னபடி. அக்காதான் போனைப் பிடித்திருக்கிறாள் போலிருக்கிறது, பின்னால் இருந்து அவள் எண்ணுவது கேட்கிறது. இருபத்து மூன்று விநாடி.